மழை வந்தாச்சு, மூன்று ஏக்கரையும் உடனே நடலாமா?

கேள்வி: ஐயா, டோங்காட் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நிலம். இரண்டு ஏக்கர் கரும்பு, மூன்று ஏக்கர் காய்கறி. இரண்டு வருடமாகச் சரியான மழை இல்லை. போர்ஹோல் (ஆழ்துளைக் கிணறு) வற்றிப்போய், போன வருடம் போட்ட மீலியும் (மக்காச்சோளம்) பீன்ஸும் கருகிவிட்டன. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வேண்டிக்கொண்டோம். நவம்பர் முதல் வாரம் நான்கு நாளில் 70 மில்லிமீட்டர் மழை கொட்டியது. என் கணவர் மூன்று ஏக்கரிலும் உடனே முட்டைகோஸும் தக்காளியும் போட வேண்டும் என்று நாற்றுக்கும் உரத்துக்கும் கடன் கேட்டு வைத்திருக்கிறார். உரம் விற்பவர், “விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்கு போடுங்கள்” என்கிறார். மாமனாரோ, “பதறாத காரியம் சிதறாது, ஒரு மாதம் பொறு” என்கிறார். இதற்கிடையில் புல் தலைகாட்டியதும் ஆடுகளை அவிழ்த்துவிட்டோம். நன்றாகக் கொழுத்திருந்த இரண்டு குட்டிகள் காலையில் செத்துக் கிடந்தன. மீதி ஆடுகளைக் கருகிய மீலித் தட்டைக்குள் மேயவிடலாமா? மழை வந்தும் எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் யார் சொல்வதைக் கேட்பது?

— வாசகி, டோங்காட், குவாசுலு-நடால், தென்னாப்பிரிக்கா

பதில்: அன்புள்ள சகோதரி, நிலத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் ஆடு. நிலம் ஒரு வாரம் காத்திருக்கும், ஆடு காத்திருக்காது.

கொழுத்த குட்டிகள் ராத்திரியோடு ராத்திரியாகச் செத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். வறட்சிக்குப் பிறகு இளம்புல் வந்ததும் இப்படி நடந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், இங்கே எல்லோரும் ‘பல்பி கிட்னி’ என்று சொல்கிற நோய். ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் ஒரு கிருமி, திடீரென்று மாவுச்சத்தும் ஈரமும் உள்ள தீனி வந்ததும் பல மடங்கு பெருகி நஞ்சைக் கக்கும். நன்றாகத் தின்கிற குட்டிதான் முதலில் சாகும். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. அடுத்து ஒன்று செத்தால் சடலத்தை நிழலில் வைத்துவிட்டு, அன்றே அரசு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று செத்த ஆட்டை வெட்டிக் குழம்பு வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். வீணாகப் போகிறதே என்று வயிறு எரியும்தான், ஆனாலும் வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது இது. ஆடுகளைப் பட்டியில் அடைத்து, காலையில் காய்ந்த புல்லை வயிறு நிறையப் போட்ட பிறகு, பனி காய்ந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் பச்சையில் விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். தடுப்பூசி உண்டு, விலையும் அதிகமில்லை. இதுவரை போடாத ஆடு என்றால் சில வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் முதல் ஊசிக்குக் கொடுத்த காசு போச்சு. செம்மறிக்கு இருப்பது போல வெள்ளாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு நீடிக்காது. அதனால் வருடத்துக்கு ஒரு ஊசி போதும் என்று யாராவது சொன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பியைக் கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். பக்கி வண்டியின் முன்கண்ணாடி அருகே வெயிலில் வைத்துக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் போடுவதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

மீலித் தட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். தண்ணீர் இல்லாமல் நின்ற மீலி, மண்ணிலிருந்து எடுத்த நைட்ரேட்டை வளர்ச்சிக்குச் செலவழிக்க முடியாமல் தண்டின் அடிப்பாகத்தில் சேர்த்து வைக்கும். தட்டையில் இன்னும் பச்சை உயிர் இருந்தால், மழை பெய்தவுடன் வேர் இன்னும் கொஞ்சத்தை உறிஞ்சும். அந்த முதல் சில நாட்கள்தான் மிக ஆபத்து. பசியோடு உள்ளே போன ஆடோ மாடோ மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். இரத்தம் காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். வேலியோரம் சோளம் ஏதாவது துளிர்த்திருந்தால் அது வேறு வகை நஞ்சு. வாடிய சோளத்தின் இளந்துளிரில் சயனைடு இருக்கும். முழங்காலுக்கு மேல் நன்றாக வளரும்வரை அந்தப் பக்கம் ஆட்டை விடாதீர்கள். தட்டையை வெட்டி நிலத்திலேயே மூடாக்காகப் போடுங்கள். ஆட்டுக்கு ஆபத்தானது மண்ணுக்கு நல்லது.

இன்னும் மூன்று வாரத்தில் வயிற்றுப் புழு வரும். வறட்சியில் காய்ந்து கிடந்த இளம்புழுக்கள் ஈரத்தில் எழுந்து புல்நுனி ஏறிவிடும். இரத்தம் குடிக்கும் புழு அது. ஆட்டின் கீழ் இமையைத் தாழ்த்தி உள்பக்க நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ‘ஃபமாச்சா’ முறை நம் தென்னாப்பிரிக்காவிலேயே உருவாகி உலகம் முழுக்கப் போனது. சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், வெளுத்திருந்தால் அதற்கு மட்டும் மருந்து கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றுகிறவர்கள் மருந்துக்கு அடங்காத புழுவைத்தான் வளர்க்கிறார்கள். உண்ணியும் இந்த ஈரத்தில் பெருகும். நம் கரையோரத்தில் ‘ஹார்ட்வாட்டர்’ என்ற நோய் உண்ணியால்தான் பரவுகிறது, ஆகவே காதோரமும் வாலடியும் பாருங்கள். கொசு மொய்க்கிற இந்தச் சமயத்தில் ஒன்றுக்கு மேல் ஆடு குட்டி வீசினால், வெறுங்கையால் தொடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 2010-இல் பெருமழைக்குப் பின் இந்த நாட்டில் பரவிய ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் மனிதர்களையும் கொன்றது. செத்துப் பிறந்த குட்டியைக் கையாண்டவர்களுக்கும் அது தொற்றியது.

சரி, இப்போது நிலத்துக்கு வருவோம். மாமனாரா கணவரா என்று கேட்டீர்கள். எனக்கு மாமனார் பக்கம்தான் சாய்வு. ஆனால் அவர் சொல்கிறபடி ஒரு மாதம் சும்மா இருந்தாலும் நஷ்டம். எதை இப்போது செய்யலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்று பிரிப்பதுதான் இங்கே வேலை.

70 மில்லிமீட்டர் என்பது மழைமானி சொன்ன கணக்கு. மண்ணுக்குள் எவ்வளவு போனது என்பதை மண்வெட்டியிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு வருடம் காய்ந்து இறுகிய மேல்மண், முதல் மழையில் பாதியைக் குடிக்காமல் ஓடவிட்டிருக்கும். 25 மில்லிமீட்டர் மழை முழுவதும் உள்ளே இறங்கினால், மேட்டில் உள்ள நம் சிவப்பு மணலில் ஏறக்குறைய ஓர் அடி நனையும். கீழே ஓடையோரக் கறுப்புக் களிமண்ணில் நாலைந்து அங்குலம்தான். நிலத்தில் நாலைந்து இடத்தில் தோண்டி, ஈரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு அடிக்கு ஈரம் இருந்தால் அடுத்த மழை இரண்டு வாரம் தள்ளிப் போனாலும் பயிர் தாங்கும். ஓர் அடிக்குள் நின்றுவிட்டால் இது முளைக்க வைத்துக் கொல்லும் மழை. அப்படி ஏமாந்து இரண்டு தடவை விதை வாங்கியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

போர்ஹோலையும் நம்ப வேண்டாம். மேலே பெய்த மழை கீழே போய்ச் சேர வாரங்கள் ஆகும், பாறை இடுக்கில் மாதங்கள்கூட ஆகும். நீர்மட்டம் ஏறியதை அளந்து பார்க்காமல் பம்பைப் பழைய வேகத்தில் ஓட்டினால் மோட்டார் போய்விடும். இதோடு உப்பு வேறு. வறட்சியில் போர்ஹோல் தண்ணீரையே பாய்ச்சிய பாத்திகளில் உப்பு மேலே படிந்திருக்கும். சிறு தூறல் அதை வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும், நல்ல மழை கீழே கழுவி விடும். அந்தப் பாத்திகளில் மட்டும் இன்னொரு பெரிய மழை பார்த்த பிறகு நடுங்கள்.

களிமண் பகுதியில் இப்போதே டிராக்டரை இறக்கக் கூடாது. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். கயிறு போல நீண்டால் உழ வேண்டாம், உதிர்ந்தால் உழலாம். ஈரக் களியை ஒரு நாள் அவசரத்தில் உழுதுவிட்டு, அந்தக் கட்டிகளோடு பருவம் முழுக்க மல்லுக்கட்ட வேண்டிவரும்.

உரம் பற்றிச் சொன்னதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. காய்ந்த மண் நனையும்போது, செத்துக் கிடந்த நுண்ணுயிர்களும் மட்கிய பொருளும் ஒரே நேரத்தில் சிதைந்து ஏராளமான தழைச்சத்தை வெளியே விடும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்து 1958-இல் எழுதிய பர்ச் என்ற அறிஞரின் பெயரிலேயே இதைச் சொல்கிறார்கள். முதல் மழைக்குப் பின் களைகூடக் கரும்பச்சையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, போன வருடம் கருகிய மீலிக்கும் பீன்ஸுக்கும் போட்ட உரத்தைப் பயிர் எடுக்கவே இல்லை. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதன்மேல் இரண்டு மடங்கு உரம் போட்டால் இலை தழைத்து, பூச்சிக்கு விருந்தாகும். மீதி மழையோடு ஓடைக்குப் போகும். ‘விட்டதைப் பிடிப்பது’ குதிரைப் பந்தயத்தில் தோற்றவர் பேசுகிற பேச்சு.

ஆகவே மண் பரிசோதனை. ஒவ்வொரு துண்டிலும் பத்துப் பதினைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, மேட்டு மண்ணையும் களிமண்ணையும் தனித்தனிப் பையில் சீடாராவில் உள்ள மாகாண வேளாண்மைத் துறைக் கூடத்துக்கு அனுப்புங்கள். கரும்பு நிலத்துக்கு மவுண்ட் எட்ஜ்கூமில் இருக்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் பார்க்கலாம். முடிவு வரும்வரை அடியுரமாக மக்கிய கோழி எரு போதும். ‘லேன்’ போன்ற தழைச்சத்து உரத்தைப் பயிர் வேர் பிடித்து இரண்டு மூன்று வாரம் ஆனபின், தேவைப்பட்டால், சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க வேண்டும். போன வருடம் மீலிக்குக் களைக்கொல்லி அடித்தீர்களா? அட்ரசின் சேர்ந்த மருந்து என்றால் கவனம். களைக்கொல்லியை மண்ணில் சிதைப்பது ஈரமும் நுண்ணுயிரும்தான். இரண்டுமே இல்லாத வருடத்தில் அது அப்படியே தங்கியிருக்கும். பீன்ஸ், கீரை, தக்காளி எதுவும் அதைத் தாங்காது. சோதிக்கச் செலவே இல்லை. நாலைந்து பழைய டின்னில் அந்த மண்ணை நிரப்புங்கள். களைக்கொல்லியே படாத வீட்டுத் தோட்ட மண்ணை இன்னொரு டின்னில் நிரப்புங்கள். எல்லாவற்றிலும் பீன்ஸ் விதையுங்கள். மூன்று வாரத்தில் நில மண்ணில் முளைத்தது மட்டும் இலையோரம் மஞ்சளாகிக் கருகினால், அந்தத் துண்டில் இந்தப் பருவம் மீலியைத் தவிர வேறு போடாதீர்கள்.

கணவரின் முட்டைகோஸ், தக்காளித் திட்டத்துக்கு நான் வேண்டாம் என்று சொல்வது மழையைப் பார்த்து அல்ல, மாதத்தைப் பார்த்து. நம் கரையோரத்தில் இரண்டுமே குளிர்காலப் பயிர். டிசம்பர், ஜனவரியின் கோடைப் புழுக்கத்தில் முட்டைகோஸுக்குக் கறுப்பழுகல் வரும், இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியும் வரும். தக்காளிக்கு வாடல், இலைக்கருகல். காய்ந்து கிடந்து திடீரென்று நனையும் மண்ணில் காயின் அடி கறுப்பதும் பழம் வெடிப்பதும் வேறு. மருந்து அடித்தே கடன் இரட்டிப்பாகும். இது கணவருக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு வருடம் வருமானம் இல்லாத மனிதருக்கு, நிலம் முழுக்க ஏதோ ஒன்று பச்சையாக நிற்பதைப் பார்க்க வேண்டும் போல இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் பேசும்போது ‘மாமா சொன்னார்’ என்று ஆரம்பிக்காமல் மாதக் கணக்கிலிருந்து ஆரம்பித்தால் காது கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

சந்தையையும் யோசியுங்கள். உங்களுக்குப் பெய்த மழை வெருலத்துக்கும் ஸ்டாங்கருக்கும் பெய்திருக்கிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால் எல்லாருடைய சரக்கும் ஒரே வாரத்தில் டர்பன் மார்க்கெட்டில் இறங்கும். வறட்சி முடிந்த முதல் அறுவடையில் விலை சரிவது இதனால்தான். விலை இப்போது, சரக்கு இல்லாத இந்த ஐந்தாறு வாரத்தில்தான் நன்றாக இருக்கிறது.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். வீட்டுக்குப் பக்கத்தில், தண்ணீருக்குக் கைக்கெட்டும் அரை ஏக்கரில் இந்த வாரமே சிவப்புக்கீரை, பச்சைக்கீரை, வெந்தயக்கீரை. ஒரு மாதத்தில் கையில் காசு. ஒரே நாளில் விதைக்காமல் வாரத்துக்கு இரண்டு பாத்தி. கொத்தமல்லி இந்தச் சூட்டில் சீக்கிரம் பூத்துவிடும், அழுகவும் செய்யும். ஆனால் நிழல்வலை இருந்தால் இரண்டு பாத்தி போட்டுப் பாருங்கள், கோடையில் அதற்கு நல்ல விலை. மேட்டு மணலில் ஓர் ஏக்கர் வெண்டை, கத்தரி, சர்க்கரைவள்ளி. ஓடையோரக் களியில் அரை ஏக்கர் சேப்பங்கிழங்கு. மடும்பி என்று இங்கே சொல்கிற இந்தக் கிழங்குக்கு எப்போதும் ஆள் உண்டு, ஜூலு அக்கம்பக்கத்தாரும் வாங்குவார்கள், இரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் அது தாங்கும். நவம்பர் முடிவதற்குள் அது மண்ணுக்குள் போக வேண்டும், மாமனாரின் ஒரு மாதக் கணக்கு அதற்கு மட்டும் சரிப்படாது. மீதி ஓர் ஏக்கரில் தட்டைப்பயறோ சணப்போ விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். ஜனவரியில் கோஸ் நாற்று விட்டு, பிப்ரவரி கடைசியில் அந்த ஏக்கரில் கணவர் ஆசைப்பட்ட முட்டைகோஸை நடலாம். களைக்கொல்லிச் சோதனையில் தோற்ற துண்டு எது என்று தெரிந்தால் இந்தக் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பெரிய கடன் தேவைப்படாது. கீரை விதைக்கும் வெண்டை விதைக்கும் எரு ஏற்றிவர டீசலுக்கும் மட்டும் வாங்குங்கள். பிப்ரவரிச் செலவைக் கீரைக் காசு பாதியாவது பார்த்துக்கொள்ளும். ஆடு வாங்கி மந்தையை நிரப்பும் யோசனை இருந்தால் அதையும் தள்ளிப் போடுங்கள். மழை வந்ததும் எல்லோரும் ஆடு தேடுவதால் விலை ஏறும். புதிதாக வருவது நோயையும் கூட்டிவரும். மேய்ச்சல் புல்லும் வேரைத் தேற்றிக்கொள்ள ஒரு பருவம் கேட்கிறது.

மீலி எங்கே போட்டாலும் தினமும் குருத்தைப் பாருங்கள். 2017-இல் இந்த நாட்டுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். வறட்சி முடிந்த மழையில் கூட்டமாக எழும் பழைய ஆப்பிரிக்கப் படைப்புழு புல்லிலிருந்து படையாக நடந்து வரும். புல்தரையில் கரிய புழுக்கள் நெளிவதைப் பார்த்தால் அன்றைக்கே நடவடிக்கை எடுக்க வேண்டும், மறுநாள் புல்லே இருக்காது.

கரும்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாடிய கரும்பில் எல்டானா துளைப்பான் ஏறியிருக்கும். பத்துப் பதினைந்து கரும்பைப் பிளந்து பாருங்கள். புழு நிறைய இருந்தால் ஆலை மூடும் முன் வெட்டி அனுப்புங்கள், மழைக்குப் பின் சர்க்கரைச் சத்து சற்று இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால் அடுத்த பருவத்துக்கு விடலாம். காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் காய்கறிப் பாத்திக்கு இழுத்து வாருங்கள்.

குடிதண்ணீர் விஷயம். கூரைத் தண்ணீர் பிடிக்கும் டாங்கில் இரண்டு வருடத் தூசியும் பறவை எச்சமும் முதல் மழையோடு இறங்கியிருக்கும். அதைத் திறந்துவிட்டுக் கழுவுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். முடியாவிட்டால் வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் ஒரு தேக்கரண்டியை 25 லிட்டருக்குக் கலந்து இரண்டு மணி நேரம் மூடிவைத்துப் பிறகு குடியுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்தச் சமயத்தில் என்னிடம் வருகிறவர்களில் பலர் அதையே சொல்கிறார்கள். வறட்சியில் முடிவெடுக்க ஒன்றுமே இருக்காது. மழை வந்த மறுநாள் எல்லா முடிவும் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும். மேலே சொன்னதில் இந்த வாரம் செய்ய வேண்டியவை ஆட்டுக்குக் காய்ந்த புல், மருத்துவருக்கு ஒரு போன், ஐந்து குழி தோண்டிப் பார்ப்பது, இரண்டு பாத்திக் கீரை. டின்னில் பீன்ஸ் போடுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

மாமனாரிடம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்த மாகாணத்தில் வறட்சி பல தடவை வெள்ளத்தில்தான் முடிந்திருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்து வறட்சிக்கு நடுவேதான் 1984-இல் டொமொய்னா புயல் வந்து வடக்கே ஆறுகளை உடைத்தது. 1917-இல் டர்பனில் உம்கேனி ஆறு பொங்கியபோது ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் இருந்த நம் ஆட்களை, படவாட்டான் குடும்பத்து மீனவர்கள் படகில் போய் நூற்றுக்கும் மேலானோரைக் காப்பாற்றினார்கள். ஆற்றோர மண் செழிப்பாக இருக்கிறது என்று அங்கே தோட்டம் போட்டவர்கள்தான் அன்று மாட்டிக்கொண்டவர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1987 செப்டம்பர் வெள்ளத்தில் உங்கள் ஓடை எந்த மரம் வரை ஏறியது என்று மாமனாரைக் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும். கணவரையும் கூட அழைத்துப்போய் அந்த உயரத்தில் ஒரு கட்டை அடித்து வையுங்கள். மோட்டார், உர மூட்டை, ஆட்டுப் பட்டி எல்லாம் அதற்கு மேலே இருக்கட்டும். கீழே இருக்கிற பம்பை ஏப்ரல் முடியும் வரை ராத்திரியில் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.